சாவிக்குச் செய்த பாலாபிஷேகம்

என் சைக்கிளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் நான் செய்கிற பூஜையைப் பற்றி என் மனைவியின் அண்ணன் அடிக்காத கிண்டல் இல்லை. விடிந்ததும் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பூட்டுச் சாவியைச் சாமி மாடத்தில் இருக்கிற சின்ன வேலோடு சேர்த்து ஒரு தட்டில் வைத்து, கரண்டிப் பால் ஊற்றி, மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். திருக்கழுக்குன்றத்து வீட்டிலிருந்து தினமும் அந்தச் சைக்கிளில் அணுபுரம் குடியிருப்புக்குப் போய்க் குழாய் வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்தினேன். சோறு போடுகிற பொருளுக்குப் பொட்டு வைக்க எனக்கு என்ன வெட்கம்?

மச்சான் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அதனால் எங்களுக்குள் மரியாதை கிடையாது. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமையானால் தன் தங்கையைப் பார்க்கிற சாக்கில் வந்துவிடுவான். இலை போட்டதும் சண்டை தொடங்கும்.

"இன்னா மச்சான், ஒன் வண்டியக் குளிப்பாட்டி முடிச்சிட்டியா? வண்டிக்குப் பாலு ஊத்துறவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்."

"ஒன் வண்டி நின்னா நாலு பேரு தள்ளணும். என் வண்டி நின்னா நானே தள்ளிகினு போவேன்."

"தள்றதுக்கு எதுக்குடா வண்டி? நடந்தே போவலாமே!"

என் மனைவி யார் பக்கமும் சேரமாட்டாள். யார் இலையில் குழம்பு குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள்.

வண்டிப் பேச்சில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆனால் அது ஓய்ந்ததும் மச்சான் உறவுப் பேச்சுக்கு வருவான். அதில் எப்போதும் எனக்குத்தான் தோல்வி.

எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். இதே சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி, அதில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவேன். வளர்ந்தபின் ஒரு நாள் வந்து, மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "கல்லு கொத்துறவனுக்கா ஒன்ன வளத்தேன்?" என்று கத்திவிட்டேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நாலு வருஷம் பேச்சு இல்லை.

மச்சான் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு வருவான். வந்து என்னைக் குத்துவான்.

"ஏன்டா, தெனம் கல்லு முன்னாடிதான வியுந்து வியுந்து கும்புடுற? அந்தக் கல்லுல சாமி மொகத்தக் கொண்டாறவன் மட்டும் ஒனக்கு ஆவமாட்டானா?"

"அவ வந்து கூப்புடட்டும்" என்பேன்.

"அவ ஏன் வரணும்? பஞ்சர் பண்ணது நீ. அவ வந்து ஒட்டணுமா?"

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து மச்சான் புது வண்டி எடுத்தான். அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, என்னை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொன்றாய்க் காட்டினான். ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்பினான். பட்டனைத் தொட்டால் கண்ணாடி இறங்கியது. கடைசியாக, சாவிக்கொத்தில் தொங்கிய ஒரு கறுப்பு வில்லையைத் தூக்கிக் காட்டினான்.

"இதான்டா ரிமோட்டு. சென்னையில தனியா சொல்லி மாட்டுனது. இத்த அமுக்காம எவன் வந்து சாவி போட்டாலும் இஞ்சின் கெளம்பாது. ஊரக் கூட்டிடும். திருடன் உக்காந்து அழுதுட்டுதான் போவணும்."

"வண்டிக்காரனே வந்தா?"

"வண்டிக்காரன் கையிலதான் ரிமோட்டு இருக்குமே, மடையா."

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னான். தங்கையின் பெண்ணுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "எங்கண்ணன் வரணும்" என்று அழுதுகொண்டே சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் மாமியாரும் சொல்லி அனுப்பியிருந்தார்: ஒன்பது மணிக்குள் முகூர்த்தம், அதற்குள் மாமன் வராவிட்டால் தங்கள் பெரிய மகன் மடியில் வைத்துக் குத்திவிடுவார்கள், அதற்கப்புறம் மாமன் என்று ஒருவரை அந்த வீட்டில் தேடமாட்டார்கள்.

இதை விட்டால் தங்கை இல்லை.

"நான் சைக்கிள்லயே போயிடறேன் மச்சான்."

"தாய்மாமன்டா நீ! சைக்கிள்ல போயி எறங்குனா அந்தம்மா இன்னா பேசும்? புது வண்டியில போவோம். நான் ஓட்றேன், நீ பின்னால ராஜா கணக்கா உக்காரு."

தங்கையின் மானத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமே வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "ஒன் சாமி மாடத்துல வையி மச்சான். மொத நல்ல காரியத்துக்குப் போவுது" என்றான். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில் எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி முடியாது. என் சைக்கிள் சாவிக்குச் செய்வதை இதற்கும் செய்தேன். புது வண்டி, பிரிந்த உறவைச் சேர்க்கப் போகிற வண்டி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். பால், இளநீர், பன்னீர். பிறகு வேலோடு சேர்த்து மஞ்சள் தண்ணீரிலேயே விடியும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் சாவியைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சீர்த்தட்டில் தோடு, பட்டுப்பாவாடை, பழம், வெற்றிலைபாக்கு. மச்சான் ரிமோட்டை அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினான். பிறகு சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான். அவ்வளவுதான், வண்டி ஊளையிட ஆரம்பித்தது. தெருவே பல்குச்சியோடு வாசலுக்கு வந்துவிட்டது. மச்சான் பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் நின்றது.

ரிமோட்டின் முதுகைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தான். உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தான்.

"மச்சான்... இதுக்குள்ள பாலு எப்டி வந்துச்சி?"

"அபிஷேகம் பண்ணேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

"ஒன் வண்டி நல்லாருக்கணும்னுதான்டா..."

அவன் அப்படியே எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஊர் வூட்டுக் கொயா எல்லாம் ஒயுகாம அடைக்கிறவன், என் ரிமோட்ட தண்ணியில ஊறப் போட்டுக்கீறான். பாருங்க சார், பாருங்க" என்று எதிர்வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டான்.

மணி ஏழே கால். ஏழு மணி பஸ் போய்விட்டது, அடுத்தது எட்டரைக்குத்தான். முகூர்த்த நாள் என்பதால் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை. தெருவில் இருந்த ஒரே பைக்கும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. நான் மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன். "முருகா, உன் பேரில் செய்ததுதானே, நீயே தடுக்கிறாயா?" என்று கேட்டேன். கேட்கும்போதே வாசலில் மணிச் சத்தம். என் மனைவி சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தாள்.

"பஸ்சுக்கு நிக்காதீங்க. நானும் பசங்களும் அதுல வந்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க."

"ரெண்டு பேருமா? நான் கேரியர்லயா?" என்றான் மச்சான்.

"தட்ட யாருண்ணா புடிப்பாங்க?"

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கார்க்காரன் என் கேரியரில் ஏறி உட்கார்ந்தான். தெரு கைதட்டியது.

பதினைந்து கிலோமீட்டர். தினம் மிதிக்கிற கால்தான். ஆனால் பின்னால் எண்பது கிலோ ஆள், ஓயாமல் பேசுகிற ஆள்.

"சீட்டாடா இது? ஒவ்வொரு கல்லும் பேரு சொல்லி கூப்புடுது."

"ஒன் வண்டியில ஏசி, என் வண்டியில காத்து. அனுபவி."

"பிரேக்கு கீதா?"

"முருகன் இருக்கான்."

"முருகன் இருக்கட்டும். பிரேக்கு கீதா?"

சிரித்ததில் ஹேண்டில்பார் ஆடியது. ஏரிக்கரை தாண்டியதும் நான்தான் மெல்லக் கேட்டேன். "அவரு மூஞ்சப் பாத்து இன்னா மச்சான் பேசறது?"

மச்சான் பின்னால் தட்டை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டான். பிறகு, "ஒண்ணும் பேசாத. போயி சம்மணம் போட்டு உக்காரு. மத்தத ஒன் மடி பேசும்" என்றான்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், பூஞ்சேரி கிட்டே கடல்காற்று எதிரே வந்து மோதியது. பெடலை அமுக்கினால் தொடை நடுங்கியது. வேட்டி ஈரமாகி ஒட்டிக்கொண்டது. மணி எட்டரை. மச்சான் கேரியரிலிருந்து குதித்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"எறங்கு."

"ஒன்னால முடியாதுடா. நீ மிதிச்சே பத்து வருசம் ஆவுது."

"எறங்குடான்றேன். மாமன் நாக்கத் தொங்கப்போட்டுகினு போயி கொயந்தய மடியில வாங்குனா நல்லாவா இருக்கும்? ராஜா மாதிரி கூட்டிகினு போறேன்னு சொன்னேன்ல? ஏறி ஒக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். தட்டு என் மடிக்கு வந்தது. மச்சான் சீட்டில் உட்காராமலே எழுந்து நின்று மிதித்தான். முதல் நூறடி பாம்பு மாதிரி வளைந்தது. பிறகு அந்த உடம்பிலிருந்து ஒரு வேகம் வந்தது பாருங்கள், எதிரே வந்த சுற்றுலா பஸ்ஸே ஒதுங்கியது. பட்டறைகள் வரிசையாக இருக்கிற தெருவில் நுழைந்ததும் மணியை அடிக்க ஆரம்பித்தான். கல்லில் உளி விழுகிற சத்தத்துக்கு மேல் அந்த மணி கேட்டது. பாதி செதுக்கின பிள்ளையார்களுக்கு நடுவில் இருந்தவர்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தங்கை வீட்டு வாசலில் பந்தல். மாமியாரின் பெரிய மகன் மனையில் உட்கார்ந்தாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை தங்கையின் இடுப்பில். மாமியார், "கொடும்மா, நேரமாவுது" என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். என் தங்கை குழந்தையைக் கொடுக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். மணிச் சத்தம் கேட்டதும், "எங்கண்ணன் பெல்லு!" என்று கத்தினாள். அது தெருமுனையில் திரும்பிய என் காதிலேயே விழுந்தது.

அந்தப் பெரிய மகன் யாரும் சொல்லாமல் மனையைவிட்டு எழுந்துவிட்டார். மாமியார் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாமன் கார்ல வர்றாருன்னாங்களே?"

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னான். "கார்ல எவன் வோணா வருவான் ஆயா. மச்சான் மிதிச்சி மாமன் வந்து பாத்துக்கீறியா நீ?"

பந்தலே சிரித்தது. அந்தம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை செம்பில் தண்ணீரோடு வந்தார். நாலு வருஷத்துக்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், இப்போது குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் பின்வாங்கினேன். "மாப்ள, அன்னிக்கி என் வாயி..."

"அது கெடக்குது மச்சான். தலைய கெட்டியா புடிச்சிக்கங்க. ஒங்க மருமவ ஒதறுவா."

மனையில் உட்கார்ந்தேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள். வைக்கும்போது அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தை என்னை யாரென்று தெரியாமல் திமிறியது. மாப்பிள்ளை ஒரு பக்கம் அதன் தலையைப் பிடித்தார். நகக்கண்ணெல்லாம் கல்தூள். அந்தக் கையின் மேல் என் கையை வைத்து நானும் பிடித்தேன். ஊசி இறங்கியது. குழந்தை போட்ட கூச்சலில் மேளம் தோற்றது. மணி எட்டு ஐம்பது.

அதற்கு அப்புறம் என் மனைவியும் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் ஆரம்பித்துவிட்டான்: கார் கெட்டதால்தானே சைக்கிள் வந்தது, ஆகவே ஜெயித்தது கார். நான் விடுவேனா? தங்கை பாயசம் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் சும்மா சாப்புடுங்க. ஜெயிச்சது நானு" என்றாள். இரண்டு பேரும் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் செங்கல்பட்டு மெக்கானிக் அந்தக் கருவியையே கழற்றி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ரிமோட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை, நாலு வருஷத்துக்குப் பிறகு, தங்கை புருஷனோடும் பிள்ளையோடும் எங்கள் வீட்டுப் படியேறினாள். சைக்கிள் ஹேண்டில்பாருக்கு அவள்தான் அன்று சந்தனம் வைத்தாள். மாடத்தில் வேலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கறுப்பு வில்லைக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. வாரம் தவறாமல் பொட்டு உண்டு. பால் மட்டும் ஊற்றுவதில்லை.