வாடகை மேசையில் ஐந்தாம் வகுப்பு

மாதனூரை அடுத்த அந்த ஊரில் ஒரே சாலையின் இருபுறமும் இரண்டு பள்ளிகள் உள்ளன. கிழக்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளி. பிள்ளைகள் நூற்றுப் பத்து. மேற்கே, அரசு இடமும் மானியமும் தர, ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி, பிள்ளைகள் தொண்ணூறு. இரண்டிலும் கட்டணம் இல்லை. மேற்கே இடம் கிடைப்பது குலுக்கலில். அந்த ஊர் வேதாசலத்தின் மருமகள்கள் இருவரும் பெயர் கொடுத்தார்கள். இளையவள் சோபனாவின் மகன் சூரியபிரகாஷுக்குச் சீட்டு விழுந்தது. மூத்தவள் முத்துமாரியின் மகள் நந்தினிக்கு விழவில்லை.

முத்துமாரி ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவள். கம்பெனி பஸ்ஸில் மேற்குப் பக்க ஜன்னலோரம் அவள் உட்காருவதில்லை. அந்தப் பள்ளியின் நீல பெஞ்சுகள் கண்ணில் பட்டால் அன்றைக்குத் தையல் கோணிப்போகும். வீட்டிலும் நிம்மதி இல்லை. இரு குடும்பங்களும் பிரித்துக்கொண்ட வீட்டின் நடுச்சுவருக்கு அப்பால் சூரியபிரகாஷ் பாடம் ஒப்பிப்பது கேட்கும்.

கிழக்குப் பள்ளியில் நந்தினியின் ஐந்தாம் வகுப்பு, பெயர்ந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தது. பெற்றோர் கூடி முத்துமாரியைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். ஜூலையில், எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்க்க வட்டாரக் கல்வி அலுவலர் ஒரே நாளில் இரண்டுக்கும் வருவதாகத் தகவல் வந்தது. எதிர்ப் பள்ளியைப் பார்த்த கண்ணோடு வருகிறவர் முன்னால் நம் பிள்ளைகள் தரையில் உட்காருவதா? பந்தல் கடை தபரேஸிடம் சொல்லிக் கல்யாணச் சாப்பாட்டு மேசைகளையும் நாற்காலிகளையும் வாடகைக்கு எடுத்து வகுப்பை நிரப்பினாள்.

எதிர்ப் பள்ளியில் மகனை விட வந்த சோபனா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, யாருக்குக் கல்யாணம்? இலை போட்டாச்சா?”

“உன் புள்ளைதான் பெஞ்சுல குந்தணுமா? போடி, வேலையைப் பாரு.”

அலுவலர் மேசையைத் தட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, நல்லா வெச்சிருக்கீங்க” என்றார். இருக்கை வசதி போதுமானது என்று எழுதிக்கொண்டு போனார். மாலையிலேயே மேசைகள் வண்டியேறின. அந்தத் தவணை ஒதுக்கீடு முழுவதும் மேற்கே போயிற்று. அங்கே புது ஆய்வகம் எழும்பியது. நந்தினி தரைக்குத் திரும்பினாள்.

உண்மையைச் சொன்னால்தான் பணம் வரும். சொன்னால் சோபனாவின் காதிலும் விழும். ஆறு மாதம் முத்துமாரி வாய் திறக்கவில்லை.

ஜனவரியில் கிராம சபை கிழக்குப் பள்ளியிலேயே கூடியது, அலுவலரும் வந்திருந்தார். நாற்காலிகளோடு வந்த தபரேஸை முத்துமாரி வாசலிலேயே மறித்தாள்.

“வேணாம் பாய், எடுத்துட்டுப் போங்க.”

“இன்னாம்மா பேஜார் பண்றே? ஆபீசருங்க வந்துகீறாங்க. தரையிலயா குந்துவாங்க?”

“எங்க புள்ளைங்க தினமும் அங்கதான் குந்துதுங்க.”

ஐந்தாம் வகுப்பில் சபை தரையில் உட்கார்ந்தது. அலுவலர் கைக்குட்டையை விரித்துக்கொண்டார். முத்துமாரி எழுந்தாள்.

“சார், ஜூலைல நீங்க பார்த்தது பள்ளிக்கூடத்து மேசை இல்ல, பாய் கடை மேசை. எதிர் ஸ்கூலுக்கு முன்னாடி நாம கம்மியாத் தெரியக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை, அதுவே முத்துமாரிக்கு இன்னும் எரிந்தது.

“அவங்களுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லல. அங்க படிக்கிறவனும் எங்க வூட்டுப் புள்ளைதான். ஒரு புள்ளைக்கு இவ்ளோன்னு கணக்கு போட்டா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு போடுங்க.”

“அக்கா சொல்றது சரிதான் சார்” என்று சோபனாவும் எழுந்தாள், சேலையில் ஒட்டிய சிமெண்டுத் தூளைத் தட்டியபடி. “எங்களுக்கு வர்றதைக் கம்மி பண்ணிடாதீங்க, அவ்ளோதான்.”

அதை உதவியென்று ஏற்க முத்துமாரிக்கு மனம் வரவில்லை. சேலை புதிது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

இரு பள்ளிக்கும் பிள்ளைக்கணக்கில் ஒரே மாதிரி ஒதுக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. மார்ச்சில் தலைமையாசிரியை ஒதுக்கீடு வந்த செய்தியைச் சொன்னபோது, முத்துமாரி முதலில் கேட்டது எதிர்ப் பள்ளிக்கு எவ்வளவு என்றுதான்.

ஜூலைத் தவணையையும் சேர்த்து அந்த ஆண்டில் கிழக்கே நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். மேற்கே பதினொரு லட்சம்.