கொழுத்த குட்டிகள்

காடாம்புலியூர் முந்திரிக் கொல்லைகளில் ஆடு மேய்த்த இருசம்மாளுக்குக் கோடை என்றாலே பயம். புல் கருகிவிட்டால் குட்டிகளின் விலா எலும்பு வெளியே தெரியும். அவள் புருஷன் கொளஞ்சியப்பனுக்கு இழுப்பு. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். அதனால் பட்டி முழுக்க அவள் பொறுப்புதான்.

திருப்பாதிரிப்புலியூரில் கறிக்கடை வைத்திருந்த ஹபிபுல்லா அவளிடம்தான் ஆடு பிடிப்பார். மேய்ச்சல் முடிந்து திரும்பியதும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் தவிடும் வைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். இருசம்மாள் அரை மனதோடு ஒரே ஒரு கிடாக்குட்டிக்கு வைத்தாள். அதோடு பிறந்த இன்னொரு குட்டி வெறும் மேய்ச்சலில் வளர்ந்தது. சில மாதம் கழித்து ஹபிபுல்லா இரண்டையும் ஒரே நாளில் அறுத்தார். புண்ணாக்கு தின்ற குட்டியில் கறி ஒன்றரை மடங்கு இருந்ததாம். மற்றதில் எலும்புதான் மிஞ்சியதாம். பக்ரீத்துக்கு இதே மாதிரி தேற்றிக் கொடுத்தால் எல்லாக் கிடாக்களையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது அறுபத்தாறாம் வருஷம். ஊரில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தது. ரேஷனில் போட்ட கோதுமையை இடித்துக் கூழாக்கிக் குடித்தார்கள். அந்தச் சமயத்தில் இருசம்மாள் கிடாக்களைத் தனியே கட்டி, புண்ணாக்கு ஊறவைத்து, கம்பும் கலந்து வைத்தாள். மனுஷருக்கில்லாததை ஆட்டுக்குக் கொட்டுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அது அவள் காதிலும் விழுந்தது.

ஒருநாள் கொளஞ்சியப்பனே கேட்டுவிட்டான்: "அந்தக் கம்புல ஒரு புடி எடுத்துக் கஞ்சி காச்சேன் புள்ள."

"பக்ரீத்து போவட்டும். பொறுத்துக்க," என்றாள். அவனும் பொறுத்துக்கொண்டான்.

கிடாக்கள் நன்றாகத் தேறின. தொடை திரண்டு, முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க அவள் கை இன்னும் தாராளமானது. ஒரு பிடி போட்ட இடத்தில் மூன்று பிடி போட்டாள்.

பண்டிகைக்குச் சில நாளே இருந்தபோது, காலையில் பட்டிக்குப் போனவள் பெரிய கிடா விறைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். அடுத்தது அவள் கண் முன்னாலேயே துள்ளி விழுந்து காலை உதைத்துக்கொண்டது. வாயில் நுரை. மடியில் போட்டு விளக்கெண்ணெய் புகட்டினாள். உள்ளே இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு போயின.

பண்ருட்டியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். "துள்ளுமாரிம்மா இது. நல்லாத் தின்னு கொழுத்ததத்தான் புடிக்கும். திடீர்னு தானியத்த ஜாஸ்தி பண்ணிட்டீங்க. முன்னாடியே ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். இப்ப என் கையிலயும் ஒண்ணுமில்ல," என்றார்.

சேதி தெரிந்து ஹபிபுல்லா ஓடிவந்தார். ஒரு கிடாவுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதையாவது அறுத்துவிடச் சொல்லிக் கொளஞ்சியப்பன் கெஞ்சினான். அவர் கத்தியை எடுக்கவேயில்லை. "நோவு கண்டத அறுத்து நான் யாருக்குக் குடுப்பேன்? நான்தாம்மா உன்ன இதுல எறக்கிவுட்டேன்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் கோபப்படக்கூட இருசம்மாளுக்குத் தெம்பில்லை. அந்திக்குள் அதுவும் செத்தது. முந்திரி மரத்தடியில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். மிஞ்சியவை புண்ணாக்கையே அறியாத பெட்டைகளும் நோஞ்சான் குட்டிகளும்தான்.

அன்று ராத்திரி கொளஞ்சியப்பன் மிஞ்சிய கம்பில் கஞ்சி காய்ச்சி அவள் முன்னால் வைத்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சித்திரை பிறந்ததும் இருந்த புல்லும் கருகியது. பெட்டைகளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் பட்டியில் நின்று கத்தின. இருசம்மாள் தவிட்டில் கொஞ்சம் புண்ணாக்கைப் பிசைந்து கொண்டுபோய் நின்றாள். வைத்தாலும் பயம், வைக்காவிட்டாலும் பயம். குட்டிகள் முட்டிமோதி வந்து கையை நக்கின. பாதியைக் கொட்டினாள். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவை தின்பதைப் பார்த்தபடி நின்றாள்.