கறையான் தின்ற கடைசிப் பக்கங்கள்

அந்தமானில், லாங் ஐலண்டில் மூத்த மகளை நான் நிறைமாதமாகச் சுமந்திருந்த சமயம் இரண்டு நாவல்கள் படித்தேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து, போர்ட் பிளேரில் பல கை மாறி எங்களிடம் வரும்போது புத்தகம் அப்பளமாக நொறுங்கும். முதலாவது துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை. அவருக்கெல்லாம் எதற்குச் சம்பளமோ!

இரண்டாவது வேறு மாதிரி. அதில் வருகிறவளும் நிறைமாதம். வெள்ளத்தில் பாலம் போய், ஆஸ்பத்திரிக்கு வழியில்லாமல் வலியில் துடிக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் அட்டை. கடைசித் தாள்களைக் காணோம்.

புத்தகம் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன்.

“கறையான் தின்னுடுச்சு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கறையான் பிளேடு வைத்தா தின்னும்? வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவ செத்துட்டாளா? அதையாவது சொல்லுங்கக்கா.”

“கதைதானே, விடு. போய்ப் படு.”

எங்கள் தீவில் அப்போது டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ரங்கத் போக வேண்டும், கடல் வழியாக. அந்த வாரமே எனக்கு வலி கண்டது. படகுத்துறைக்கு ஓடிய என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து திரும்பினார்.

“மௌசம் கராபாம், வானிலை மோசமாம். காத்து நிக்கிற வரைக்கும் போட் எடுக்க மாட்டாங்களாம்.”

அவர் மேல் கோபம், கடல் மேல் கோபம், எல்லாரையும்விட அந்த அக்கா மேல் கோபம். சாகத்தான் போகிறேன் என்று நினைத்தேன். பிரசவம் பார்க்க ஒரு பெங்காலி அம்மாளைக் கூட்டி வந்தார்கள். அக்கா என் கையை விடவே இல்லை. வலி வரும்போதெல்லாம் அவரிடம், “அவ செத்துட்டாதானே?” என்று கத்தினேன்.

“இல்லடி. சத்தியமா அவ சாகல.”

நான் நம்பவில்லை.

காற்று நிற்பதற்கு முன்பே மகள் பிறந்துவிட்டாள். சில நாள் கழித்து அக்கா பத்தியக் குழம்போடு வந்து, மடித்த தாள்களை என் கையில் கொடுத்தார்.

“இப்பப் படி.”

அக்கா பொய் சொல்லவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். பிறந்த குழந்தைதான் அழவேயில்லை.

தாள்களைப் பாய்க்கடியில் வைத்தேன். பக்கத்தில் மகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் சுண்டினேன். வீறிட்டு அழுதாள். உடனே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.