மக்பூலின் உப்புத் தண்ணீர்ப் பெட்டி

எங்கள் எதிர்வீட்டு மக்பூலுக்கு அல்லாஹ் எல்லாம் கொடுத்தான், குரலை மட்டும் கொடுக்கவில்லை. கையும் அப்படித்தான். புல்புல்தாராவை மடியில் வைத்தால் தந்திதான் அறுந்து வரும். ஆனால் பழவேற்காட்டில் எந்த ரேடியோ வாயை மூடினாலும் அவனிடம்தான் வரும். கௌஸ் மைதீன் பாயின் பாட்டுக் கோஷ்டிக்கு மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அவன் பொறுப்பு. கோஷ்டி மேடையில் உட்காரும்; இவன் மேடைக்குக் கீழே, ஒயர்களோடும் ஊரார் கழற்றிவிட்ட செருப்புகளோடும். ஒரு நாளாவது மேலே உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

எண்பத்துமூணு வைகாசியில் பொன்னேரிக் கோஷ்டி ஒன்று எதிரொலி மெஷின் வாங்கியது. அதைக் கேட்டுவிட்டு வந்தவன் என் வீட்டுப் பீங்கான் பேசினைக் கேட்டு வாங்கிப் போனான். அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, எங்கள் ஏரியின் உப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு செம்புத் தகடும் கீழே ஒரு மிதிபலகையும் மாட்டினான். பாய் வாசிக்கும் புல்புல்தாராவின் சத்தம் ஒயர் வழியே வந்து அந்தத் தண்ணீரைக் கடந்துதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போக வேண்டும். காலால் பலகையை மிதித்தால் ஒரு தகடு தண்ணீரில் இறங்கும், சத்தம் எழும்பும். காலை எடுத்தால் அடங்கும். மெல்ல மெல்ல மிதித்தால் பாட்டு அலை மாதிரி ஆடி ஆடி வரும். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் மனைவி சுராயாவோ, "பாட்டைக் குளிப்பாட்டி விடுறாரு மனுஷன்," என்றாள்.

பாய் கேட்டார், "இதை யாரு மிதிக்கிறது?"

"நான்தான் பாய். மேடையில, உங்க பக்கத்துல."

பாய் தாடியைத் தடவினார். "ஷாகுல் ஹமீது மக நிக்காஹ் வருது. நல்லா வந்துச்சுன்னா அந்த எடம் உனக்கு. சொதப்புனே, மறுபடி செருப்புக் காவல்தான்."

கல்யாணம் மழை ஓய்ந்த கார்த்திகையில். அதுவரைக்கும் பெட்டி தார்ப்பாய்க்குள் தூங்கியது. அஸர் தொழுகை முடிந்து, புதுச் சட்டை, அத்தர் வாசனையோடு மேடையேறினான். வலைக்காரர் செங்கல்வராயன் காலையில் கொண்டுவந்து கொடுத்த ஏரித் தண்ணீரை ஊற்றி, பிஸ்மி சொல்லி மிதித்தான்.

கிணற்றுக்குள் கொசு பாடுவது மாதிரி ஏதோ கேட்டது. விடாமல் மிதித்தான். மாப்பிள்ளை வீட்டுப் பொடிசுகள், "அண்ணே, ஜாக்கெட்டு எப்ப தைச்சு முடிப்பீங்க?" என்று கத்தின. பாய் கண்ணாலேயே செருப்புகளைக் காட்டினார்.

மக்பூல் பேசினில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். முகம் வெளுத்துப்போனது. "செங்கல்வராயா! தண்ணி சப்புன்னு இருக்கே!"

"இன்னா மக்பூலு, மழைத்தண்ணி எறங்கி ஏரியில மாடே வந்து குடிக்குது. தண்ணி கேட்ட, குடுத்தேன். உப்பும் கேட்டியா?"

ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வைகாசித் தண்ணீர் வேறு, கார்த்திகைத் தண்ணீர் வேறு என்பது மறந்துபோயிற்று; உப்பில்லாத தண்ணீரை ஒயர்ச் சத்தம் கடக்காதாம். ரேடியோவுக்குள் தலையை விட்டால் அவனுக்கு வெயில் மழையெல்லாம் தெரியாது.

ஆசைப்பட்டு ஏறிய மேடையிலிருந்து அவனே குதித்து, சமையல் கொட்டகைக்கு ஓடினான். பண்டாரி, "பிரியாணிக்கு உப்பு போட்டாச்சு தம்பி," என்றார்.

"பிரியாணிக்கு இல்லண்ணே, பாட்டுக்கு!"

திரும்பி வந்து கொஞ்சம் போட்டான், கலக்கினான், ருசி பார்த்தான், மிதித்தான். இன்னும் கொஞ்சம் போட்டான். திடீரென்று புல்புல்தாரா எழும்பியது பாருங்கள், பந்தலே அசைந்தாடியது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தோம். பாய் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே முழங்காலை ஒதுக்கி, ஜமுக்காளத்தில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், அன்றிலிருந்து மேடையில்தான் இருக்கிறான். சட்டைப்பையில் உப்புப் பொட்டலம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் விரலை விட்டு ருசி பார்ப்பான். என் பேசின் இன்னும் திரும்பி வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, சுராயாவின் ஆற்றாமைதான் பெரிது.

"இத்தனை வருஷத்துல, என் மீன் ஆணத்துக்கு ஒரு நாளாச்சும் உப்புப் பார்த்துச் சொல்லியிருப்பாரா, கேளுங்கக்கா!"