பட்டியலில் இல்லாத டின்

அந்தப் பட்டியலை எழுதியவரே, நீங்கள் ஒருநாளும் மூக்குக் குழாய் வழியாக யாருக்கும் சாப்பாடு கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். ஃபேரர் பார்க்கில் நான் காசாளராக இருக்கும் கடையில், என் கவுன்டருக்கு மேலே அது பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருந்தது. வசதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் உணவு வவுச்சரில் வாங்கக்கூடியவை: அரிசி, எண்ணெய், பருப்பு, ரொட்டி, முட்டை. வாங்கக்கூடாதவை: மது, சிகரெட், மருந்துப் பிரிவுப் பொருள்கள். குழாயில் கொடுக்கும் பால்மாவு டின்னை எங்கள் கடையில் மருந்துப் பிரிவில்தான் அடுக்குவார்கள்.

அந்த வவுச்சரோடு வரும் பெண் ஒருவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் ஓரறை வாடகை வீடு. காப்பிக்கடையில் தட்டு கழுவும் வேலை. பக்கவாதம் வந்த கணவர் இரண்டு வருடமாக எதையும் விழுங்கவில்லை. அந்த டின்தான் அவருக்கு மூன்று வேளையும். முதல் முறை வவுச்சரோடு டின்னை நீட்டியபோது நான்தான் தள்ளி வைத்தேன். சூப்பர்வைசர் வந்து, "இது மெடிக்கல் ஐட்டம் லா ஆன்ட்டி. சிஸ்டம் எடுக்காது. அரிசி எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "அரிசிய எங்க போடுறது தம்பி, மூக்குலயா?" என்று அக்கா அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

பின்னால் ஒரு கட்டுமான ஊழியர் பத்துக் கிலோ அரிசிப் பையோடு நின்றிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "தம்பி, உங்க அரிசிக்கு நான் வவுச்சர் குடுக்கிறேன். இந்த டின்ன நீங்க காசு போட்டு எடுத்துக் குடுங்க" என்றார். "டின்னா? நான் வாங்குற டின்ன தொறந்தா நுரை வரும்க்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் பணத்தை எடுத்தார். இரண்டுக்கும் ரசீது போட்டுக் கொடுத்தேன். பல மாதம் இப்படித்தான் நடந்தது. அரிசி வாங்குகிறவர் யாராவது வரும்வரை அக்கா அரிசி அடுக்கின் பக்கத்திலேயே நிற்பார்.

ஒருநாள் கடை நிர்வாகத்தில் கேமராவில் பார்த்துவிட்டார்கள். 'வவுச்சர் முறைகேடு' என்று எழுதிய தாளில் சாட்சியாக என் கையெழுத்தைக் கேட்டார்கள். போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அக்காவுக்கு வவுச்சரை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள் வரும் டின் எட்டு நாள் வந்தது. எப்படி என்று கேட்டேன். "தண்ணிய ஜாஸ்தியா ஊத்துறேன்மா. அவருக்கு ருசி தெரியாதுல்ல" என்றார்.

அக்காவுக்கு மறுபடியும் வவுச்சர் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் வந்தார். அரிசி, முட்டை, ரொட்டி. மருந்துப் பிரிவுப் பக்கமே போகவில்லை. "பாத்துக்கம்மா, எல்லாம் உங்க லிஸ்ட்ல இருக்கிறதுதான். இனிமே டின் வேணாம்" என்றார். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். சிஸ்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

இப்போது வவுச்சர் கைப்பேசியில் வருகிறது. கவுன்டருக்கு மேலே புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து பெரிது, வரிகள் அதேதான். மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த முறைகேட்டுத் தாளில் என் பெயர் இருக்கிறது. இந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. பெயரோடு வெளியே வாருங்கள். எல்லார் முன்னாலும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: இரண்டு வருடம் அந்த மனிதர் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தார்?