பெயர் மட்டும் போடச் சொன்ன பனியன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். தி.நகரில் ஒரு மாடி அறையில், இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தை ஹீட் பிரஸ்ஸில் அழுத்திப் பனியனில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சென்னையில் அது புதுசு. எனக்குத் தலைக்கனமும் ஜாஸ்தி.

பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். கடலுக்குப் போன அவர் அண்ணன் திரும்பவில்லை. ஒரு வருஷமாகியும் உடல்கூடக் கிடைக்கவில்லை. அண்ணன் நினைவாகக் கால்பந்துப் போட்டி வைக்கிறார்கள். பதினோரு பாலியஸ்டர் பனியன்களில் நெஞ்சில் அவர் முகம் வேண்டும். அண்ணனுக்கென்றே எடுத்த பன்னிரண்டாவதில் பெயர் மட்டும் போதும் என்றது கூட வந்த அண்ணி. அவர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"நீங்க இன்னா வேணா போட்டுக்குங்க. உசுரோட கீற மனுசன் பனியன்ல அவரு மூஞ்சி எதுக்கு? அத்த அவரு வந்து போட்டுக்குவாரு" என்றார். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"கவலப்படாதீங்கம்மா, எல்லாம் ஒசத்தி பேப்பர்" என்று அளந்துவிட்டேன். உண்மையில் மை மட்டும்தான் ஒசத்தி. சூட்டில் ஆவியாகி நூலுக்குள் ஏறும் மை அது. அதற்கென்று உள்ள தாள் தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. சாதாரண வெள்ளைத் தாள் போதாதா, யாருக்குத் தெரியப்போகிறது!

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். அந்தத் தாள் மையைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்றது. முகம் வெளிறி விழுந்தது. கடுப்பாகி, சூட்டையும் நேரத்தையும் ஏற்றி அழுத்தினேன். பனியனுக்குள் ஒரு வெற்றுத் தாளைச் செருக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அவசரத்தில் அதையும் விட்டேன். பதினோரு முகமும் பளிச்சென்று வந்தன.

கடைசியாகப் பெயர்ப் பனியன். பிரஸ்ஸின் அடித்தட்டு மெத்தையில் மாட்டி, நெஞ்சில் பெயரை அழுத்தி, உருவி எடுத்தேன். உள்பக்கம் புரண்டது. அங்கே அந்த மனிதர் இருந்தார்.

மங்கலாக, தண்ணீருக்கு அடியில் இருப்பவர் மாதிரி. படத்தில் வலப்பக்கம் பார்த்தவர் இதில் இடப்பக்கம் திரும்பியிருந்தார். பட்டப்பகல்தான், ஆனாலும் ஐயோ சாமி என்று பனியனைக் கீழே போட்டேன்.

அப்புறம்தான் மெத்தையைப் பார்த்தேன். பதினோரு தடவையும் துணியைத் தாண்டி இறங்கிய மை அதில் ஊறிக் கிடந்து, சூட்டில் இந்தப் பனியனின் உள்பக்கம் ஏறியிருந்தது. பேயுமில்லை பிசாசுமில்லை, என் கஞ்சத்தனம். மாற்றுப் பனியனும் இல்லை. அவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மடித்து வைத்தேன்.

அந்த அம்மா பதினொன்றையும் தொடவில்லை. தன் வீட்டுக்காரர் பனியனை மட்டும் எடுத்து, தையல் பார்க்க உள்பக்கம் திருப்பினார். கத்தவில்லை. அந்த முகத்தை விரலால் தடவினார்.

"நீயா போட்ட, நைனா?"

"நான் போடலம்மா" என்றேன். அதுவரை உண்மைதான். அடுத்த வரியைச் சொல்லியிருக்க வேண்டும்: தாள் மட்டம், மை இறங்கிவிட்டது, தப்பு என்னுடையது. ஒசத்தி பேப்பர் என்று பீற்றிக்கொண்ட வாய் திறக்கவே இல்லை.

"அப்ப அவரேதான் வந்துக்கீறாரு" என்றார் மெதுவாக. கொழுந்தனாரைப் பார்த்து, "இனிமே தேட வாணாம்னு ஊர்ல எல்லாராண்டயும் சொல்லிடு" என்றார். முந்தானையை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தார். பனியனை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை சைக்கிளில் பட்டினப்பாக்கம் வரை போனேன். துணிவில்லாமல் திரும்பினேன். அவருக்கு அது நிம்மதியா, நான் செய்த பாவமா, தெரியவில்லை. இன்று யார் துணி கொடுத்தாலும் என்ன தாள், என்ன மை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கிய ஒரு வரி மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.