பல்பு எரிந்த அடுப்பு

ஊட்டிப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தைப் போலவே வரிசை வீடுகள் கட்டிப் புதிதாகத் திறந்திருந்தார்கள். சம்பந்தி குடும்பத்தோடு போயிருந்தேன்.

ஒரு வீட்டுக்குள், சிவப்பு பல்பு எரியும் பொம்மை அடுப்பருகே, ஸ்வெட்டர் போட்ட மூதாட்டி ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் போலவே டிக்கெட் வாங்கி வந்தவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அவர் மட்டுமே. நுழைகிறவர்களை எல்லாம், “வாங்க வாங்க, குளிருல வந்திருக்கீங்க. அடுப்புக்கிட்ட குந்துங்க” என்று அழைத்தார். லயத்தில் விருந்தாளிக்கு முதலில் கொடுப்பது அந்த இடத்தைத்தான். என் கைகள் தாமாகவே அடுப்புப் பக்கம் நீண்டன.

அவர் முகம் மலர்ந்தது. “ஐயா எந்த லயத்துல இருந்தீங்க?”

நான் பிறந்து வளர்ந்தது லயத்தில்தான். அது தெரியாத சம்பந்தி பக்கத்திலேயே நின்றார். “இல்லைங்க, நாங்க டவுனு” என்றேன்.

அவர் சட்டென்று எழுந்துகொண்டார். “மன்னிச்சுக்கங்க தொரை. நீங்க போட்டோ எடுங்க” என்று சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனார்.

பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.